அறுந்த நுனி எங்கே இருக்கிறது?

தறியில் நெய்து கொண்டிருக்கும்போது பாவு நூல் ஒன்று அறுந்துபோனால், நெசவாளர் தறியை நிறுத்தி, அறுந்த இரு நுனிகளையும் தேடிப் பிடித்து முடிந்துவிட்டு, மறுபடியும் வேலையைத் தொடங்குகிறார். வலப் பக்கத்தில் அறுந்த நூலுக்கு ஒருவித முடிச்சு, இடப் பக்கத்தில் அறுந்த நூலுக்கு வேறொருவித முடிச்சு என்ற பேதம் அவருக்குக் கிடையாது. எங்கே அறுந்தாலும் முடிச்சு ஒன்றுதான்.

நம்முடைய உடம்பிலும் ஒரு நூல் இருக்கிறது. அது ஓயாமல் அறுந்துகொண்டும் இருக்கிறது. ஓயாமல் முடியப்பட்டுக் கொண்டும் இருக்கிறது. ஆனால் அந்த நூலின் சமாசாரம் தறி நூலைப் போன்றதன்று. அது எந்த இடத்தில் கிடக்கும்போது அறுந்தது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அதன் பிற்காலக் கதி நிர்ணயமாகிறது. ஓரிடத்தில் அறுந்தால் வடுத் தெரியாமல் கூடிவிடும். மற்றோரிடத்தில் அறுந்தால் சில எழுத்துக்களைப் பறிகொடுத்துவிட்டு ஏதோ ஒருவாறு ஒட்டிக்கொள்ளும். இன்னுமோர் இடத்தில் அறுந்தாலோ, தனக்குச் சம்பந்தமே இல்லாத அயல் நூலோடு போய்ச் சேர்ந்துகொண்டு, புற்றுநோய்க்கு வித்திட்டாலும் இட்டுவிடும். இந்த உண்மையை விஞ்ஞானிகள் படிப்படியாக எவ்விதம் கண்டறிந்தார்கள் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

நூலும் அது கிடக்கும் அறையும்

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. சிவப்பு இரத்த அணு போன்ற சிலவற்றை ஒதுக்கிவிட்டால், ஒவ்வோர் உயிரணுவின் உள்ளேயும் உட்கரு என்னும் உருண்டை ஒன்று உண்டு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால், அவற்றில் ஆறு முதல் பத்துக் கூறுகள்தாம் அந்த உருண்டையின் குறுக்களவு. இத்தனை சிறிய அறைக்குள்ளே டி. என். ஏ. என்னும் நூல் ஏறக்குறைய 2 மீட்டர் நீளத்துக்கு அடைபட்டுக் கிடக்கிறது. நல்ல உயரமான ஆண்பிள்ளையின் உயரத்தைக் காட்டிலும் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நூல் ஒரே இழையாக இல்லை. 46 துண்டுகளாக இருக்கிறது. இவற்றுக்குக் குரோமோஸோம்கள் என்று பெயர். 23 தாய் வழியாக வந்தவை. 23 தந்தை வழியாக வந்தவை. நான்கே எழுத்துக்களைக் கொண்டு, ஒரு வழித் தொகுதியில் மட்டும் சுமார் 300 கோடி எழுத்துக்கள் இதில் எழுதப்பட்டிருக்கின்றன. கண்ணின் நிறம் முதல் இரத்தத்தின் குணம் வரையில் எத்தனையோ விஷயங்களுக்கு மூல ஏடு இதுவே.

டி. என். ஏ. இரண்டு புரிகளை முறுக்கிச் செய்த கயிறு போன்றது. ஒரு புரி மட்டும் அறுந்தால் அதிகக் கஷ்டமில்லை. எதிர்ப்புரியில் உள்ள எழுத்தைப் பார்த்து, போன எழுத்தை உயிரணு எழுதிக்கொண்டுவிடும். இரண்டு புரிகளும் ஒரே இடத்தில் அறுந்துபோனால்தான் விபரீதம். அப்போது குரோமோஸோம் இரண்டு துண்டாகிவிடுகிறது. ஒரு கிரே அளவுள்ள எக்ஸ்ரே கதிர் பாய்ந்தால் ஓர் உயிரணுவில் இத்தகைய இரட்டை முறிவுகள் சுமார் 35 முதல் 40 வரை உண்டாகின்றன. கதிரே படாவிட்டாலும், உயிரணு தன் நூலுக்குப் பிரதி எடுக்கும் சாதாரண வேலையின் நடுவிலேயே சில முறிவுகள் நேர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆகையால் முறிவு என்பது அபூர்வ சம்பவமன்று, அன்றாட நிகழ்ச்சி. அதைச் செப்பனிடுவதும் உயிரணுவுக்கு அன்றாட வேலையே.

நுனிக்கு நுனி வித்தியாசம்

குரோமோஸோம் ஒவ்வொன்றுக்கும் இயற்கையாகவே இரண்டு நுனிகள் உண்டு அல்லவா? அந்த நுனிகளையும் அறுந்த நுனிகளையும் உயிரணு எப்படிப் பிரித்தறிகிறது? 1930-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர் இந்தக் கேள்வியை எழுப்பினர். ஒருவர் ஹெர்மன் முல்லர். எக்ஸ்ரே கதிர்களால் பழ ஈக்களின் பரம்பரைக் குணங்களை மாற்றலாம் என்று 1927-இல் காட்டி, 1946-இல் நோபல் பரிசு பெற்றவர். மற்றொருவர் மக்காச்சோளச் செடியை ஆராய்ந்து வந்த பார்பரா மக்ளின்டாக் அம்மையார்.

அறுந்த நுனிகள் ஒன்றையொன்று நாடி ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை என்று மக்ளின்டாக் அம்மையார் கண்டார். தப்பான நுனிகள் ஒட்டிக்கொண்டால், உயிரணு பிரியும்போது அந்தக் குரோமோஸோம் இரு புறமும் இழுபட்டு மறுபடியும் அறும். அறுந்தது மறுபடியும் ஒட்டும். இப்படியே தலைமுறை தலைமுறையாக அவஸ்தைப்படும். இயற்கையான நுனிகளோ இவ்விதம் ஒட்டுவதில்லை. உலக்கையின் முனைக்குப் பூண் போட்டாற்போல அவற்றுக்கு ஒரு காப்பு இருக்கவேண்டும் என்று முல்லர் ஊகித்து, அந்தப் பகுதிக்கு 1938-இல் டெலோமியர் என்று பெயரிட்டார். கிரேக்க பாஷையில் ‘முடிவுப் பகுதி’ என்பது அதன் பொருள். இந்தப் பூண் எதனால் ஆனது என்று பிற்காலத்தில் கண்டறிந்த எலிஸபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஸோஸ்டாக் ஆகிய மூவருக்கும் 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. மக்ளின்டாக் அம்மையாருக்கு 1983-லேயே வேறொரு கண்டுபிடிப்புக்காக அப்பரிசு கிடைத்திருந்தது.

பூண் இல்லாத நுனியைக் கண்டதும் உயிரணு அதைக் காயம் என்று தெரிந்துகொள்கிறது. உடனே செப்பனிடும் வேலையாட்கள் அங்கே விரைகின்றனர்.

ஒட்டு முறையும் ஒப்பு முறையும்

நம் முன்னோர் வீட்டுப் பரணில் இருந்த ஏட்டுச் சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏடு நடுவே முறிந்து, முறிந்த இடத்தில் நாலைந்து எழுத்துக்கள் பொடிந்து போய்விட்டன. இதைச் சரி செய்ய இரண்டு வழி உண்டு. முறிந்த இரு துண்டுகளையும் சேர்த்து வைத்துத் தைத்துவிடலாம். வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பொடிந்த எழுத்துக்கள் போனவைதாம். அல்லது, அதே நூலின் வேறொரு பிரதி எங்கே இருக்கிறது என்று விசாரித்துக் கொண்டுபோய், இரண்டையும் ஒப்பு நோக்கி, விட்டுப்போன எழுத்துக்களைப் பிழையின்றி எழுதிச் சேர்க்கலாம். இதற்குக் காலம் அதிகம் பிடிக்கும், பலன் உத்தமமானது.

உயிரணுவும் இந்த இரண்டு வழிகளையும் கையாளுகிறது. முதலாவதை ஒட்டு முறை என்போம். கு என்ற புரதம் அறுந்த நுனிகளைக் கவ்விப் பிடிக்க, வேறு சில புரதங்கள் வந்து ஒட்டிவிடுகின்றன. இரண்டாவதை ஒப்பு முறை என்போம். இதில் அறுந்த நுனியின் ஒரு புரி சற்றுத் தூரம் சீவப்படுகிறது. மிஞ்சிய புரியின்மேல் ராட் 51 என்ற புரதம் சட்டைபோலப் படிகிறது. அந்த நுனி தன்னைப் போன்ற எழுத்துக்கள் வேறெங்கே இருக்கின்றன என்று தேடத் தொடங்குகிறது.

உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன் ஒவ்வொரு குரோமோஸோமுக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறது. அந்தப் புதுப் பிரதி மூலத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டே கிடக்கும். அப்போது முறிவு நேர்ந்தால் தேடுவது சுலபம். பிரதி பக்கத்திலேயே இருக்கிறது. மற்றச் சமயங்களில் ஒத்த பிரதி அறையின் எந்த மூலையில் கிடக்கிறதோ! அதைப் போய் அடைவதற்குள் வேறு நுனி ஏதாவது குறுக்கிட்டால் என்ன ஆகும்? இங்கேதான் ‘எங்கே’ என்ற கேள்வி பிறக்கிறது.

யார் யாருக்கு அண்டை வீட்டார்?

உட்கருவுக்குள் குரோமோஸோம்கள் எப்படிக் கிடக்கின்றன? கிண்ணத்தில் போட்ட சேமியாவைப்போல ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து கிடக்கின்றன என்றே வெகு காலம் பலர் எண்ணியிருந்தனர். ஆனால் 1885-லேயே கார்ல் ராப்ல் என்பவர், குரோமோஸோம்களுக்கு உட்கருவில் ஓர் ஒழுங்கு உண்டு என்று சொன்னார். குதிரையின் குடலில் வாழும் புழுவை ஆராய்ந்த தியோடர் போவரி, ஒவ்வொரு குரோமோஸோமுக்கும் தனித்தனி வட்டாரம் இருக்கிறது என்று 1909-இல் எழுதினார். போதிய சான்று இல்லாமையால் இந்த அபிப்பிராயம் மறக்கப்பட்டிருந்தது.

1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் ஜெர்மனியில் தாமஸ் கிரெமர், கிறிஸ்டோஃப் கிரெமர் என்ற சகோதரர்கள் ஒரு சாமர்த்தியமான பரிசோதனை செய்தார்கள். ஊசி முனையினும் மெல்லிய லேசர் ஒளியால் உட்கருவின் ஒரு சிறு புள்ளியை மட்டும் அவர்கள் சுட்டனர். குரோமோஸோம்கள் சேமியாவைப்போல் பின்னிக் கிடந்தால், அந்தப் புள்ளியின் வழியாகப் போகும் பல குரோமோஸோம்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் சூடு பட்டிருக்க வேண்டும். தனித்தனி வட்டாரங்களில் இருந்தால், ஒரு சிலவற்றுக்கு மட்டுமே காயம் பட்டிருக்க வேண்டும். பார்த்தபோது ஒரு சிலவே காயமுற்றிருந்தன. எழுபது ஆண்டுகளுக்கு முன் போவரி சொன்னது மெய்யாயிற்று.

ஒரு தெருவில் வீடுகள் வரிசையாக இருப்பதுபோல, குரோமோஸோம்களுக்கும் அண்டை வீட்டார் உண்டு, எதிர்வீட்டார் உண்டு, ஊர்க்கோடியில் இருப்பவரும் உண்டு என்று இதனால் ஏற்படுகிறது. இன்னொரு விசேஷம்: இந்த வீட்டு வரிசை எல்லா உயிரணுக்களிலும் ஒன்றுபோல் இராது. தைராய்டு சுரப்பியின் உயிரணுவில் அண்டை வீட்டாராக இருப்பவை, மார்பகத்தின் உயிரணுவில் தூரத்தில் இருக்கலாம். இந்த வித்தியாசத்தின் விளைவை உலகம் ஒரு பெரிய விபத்தின் மூலமாகத் தெரிந்துகொள்ள நேர்ந்தது.

செர்னோபில் குழந்தைகள்

1986 ஏப்ரல் 26-ஆம் தேதி, அப்போது ஸோவியத் யூனியனில் சேர்ந்திருந்த உக்ரேன் பிரதேசத்தில், செர்னோபில் அணுமின் நிலையத்தில் ஓர் உலை வெடித்தது. கதிரியக்க அயோடின் காற்றில் பரவிப் புல்லின்மேல் படிந்தது. புல்லை மேய்ந்த பசுவின் பாலில் அது கலந்தது. பாலைக் குழந்தைகள் குடித்தார்கள். நம் கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி தன் வேலைக்கு அயோடினைத் தேடி எடுத்துக்கொள்வது. நல்ல அயோடின் எது, கதிரியக்க அயோடின் எது என்று பிரித்தறிய அதற்குத் தெரியாது. சில ஆண்டுகள் சென்றபின் பேலாரஸ், உக்ரேன், ரஷ்யா ஆகிய நாடுகளில் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் பெருகத் தொடங்கியது. விபத்தின்போது 18 வயதுக்கு உட்பட்டிருந்தவர்களில் 2005-க்குள் 6,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்நோய் காணப்பட்டது. அவற்றில் கணிசமான பகுதி அந்த அயோடினின் விளைவே. சிகிச்சையால் மிகப் பெரும்பாலோர் உயிர் பிழைத்தனர் என்பது ஓர் ஆறுதல்.

அந்தக் கட்டிகளை எடுத்துப் பரிசோதித்த ஆராய்ச்சியாளர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. கதிர் பாய்ந்தால் நூல் எங்கு வேண்டுமானாலும் அறலாம். ஆனால் ஒரே வகையான பிசகு திரும்பத் திரும்பத் தென்பட்டது. பத்தாவது குரோமோஸோமில் ரெட் என்று ஒரு ஜீன் உண்டு. அதே குரோமோஸோமில் எச் 4 என்று வேறொரு ஜீன் உண்டு. இரண்டுக்கும் நடுவே கோடிக்கணக்கான எழுத்துத் தூரம். இரண்டும் அறுந்து, ரெட்டின் நுனி எச் 4-இன் நுனியோடு தவறாக ஒட்டிக்கொண்டிருந்தது. இப்படி உண்டான கலப்பு ஜீன், ‘பெருகு, பெருகு’ என்று உயிரணுவை ஓயாமல் தூண்டுகிறது. அதுவே கட்டியாகிறது.

இத்தனை தூரத்தில் உள்ள இரு நுனிகள் எப்படிச் சந்தித்தன? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் மரினா நிக்கிஃபோரோவா அம்மையாரும் அவருடைய சகாக்களும் 2000-இல் விடை கண்டனர். நோயற்ற மனிதர்களின் உயிரணுக்களை எடுத்து, ரெட் ஜீனுக்கு ஒரு வர்ணமும் எச் 4 ஜீனுக்கு ஒரு வர்ணமும் ஏற்றி, உட்கருவில் அவை எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்தார்கள். தைராய்டு உயிரணுக்களில் நூற்றுக்கு 35-இல் இவ்விரு ஜீன்களும் பக்கம் பக்கமாக ஒட்டிக் கிடந்தன. இரத்த வெள்ளணுக்களில் நூற்றுக்கு 21; மார்பக உயிரணுக்களில் நூற்றுக்கு 6-தான். நூலை நேராக நீட்டினால் தூரத்தில் இருப்பவை, அது சுருண்டு மடிந்து கிடக்கும்போது அருகருகே வந்துவிடுகின்றன. புடைவையின் இரு முந்திகளும் மடித்து வைத்தால் ஒன்றின்மேல் ஒன்றாக அமைவதில்லையா, அதுபோல!

ஆக, ஒரே கதிர் அருகருகே கிடக்கும் இரு ஜீன்களையும் சேர்த்து அறுக்க முடிகிறது. அறுந்த நான்கு நுனிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், ஒட்டு வேலை செய்யும் புரதங்கள் இதை அதனோடும் அதை இதனோடும் மாற்றி ஒட்டிவிட இடமுண்டாகிறது.

இரத்தப் புற்றுநோயில் ஒருவகையும் இத்தகைய மாறாட்டத்தால் வருவதே. அந்நோயாளிகளிடம் அசாதாரணமாகக் குறுகிய ஒரு குரோமோஸோமை அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் 1960-இல் கண்டனர். ஒன்பதாவது குரோமோஸோமும் இருபத்திரண்டாவது குரோமோஸோமும் தங்கள் நுனிகளை மாற்றிக்கொண்டதன் விளைவே அது என்று சிகாகோவில் ஜேனட் ரௌலி அம்மையார் 1973-இல் தெளிவாக்கினார்.

ஈஸ்ட் காட்டிய சாட்சியம்

அருகில் இருந்தவை ஒட்டிக்கொண்டன என்று கண்டோம். ஆனால் அண்மைதான் காரணம் என்று நிச்சயமாகச் சொல்ல இது போதுமா? வழக்குமன்றத்தில் இதைச் சந்தர்ப்ப சாட்சியம் என்பார்கள். நேர்ச் சாட்சியம் வேண்டுமானால், முறிவின் இடத்தை ஆராய்ச்சியாளர் தம் இஷ்டப்படி மாற்றி வைத்துப் பார்க்கவேண்டும். மனிதரிடத்தில் அது இயலாத காரியம். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் இதற்கு உதவிக்கு வந்தது.

ஈஸ்ட் ஓரணு உயிர். அதன் உட்கரு நம்முடையதைவிட மிகச் சிறியது. அதில் 16 குரோமோஸோம்கள். அவற்றின் நடுப்பகுதிகள் எல்லாம் உட்கருவின் ஒரு பக்கத்தில் ஒரே முளையில் கட்டப்பட்டிருக்கின்றன. நுனிகளோ உட்கருவின் உறையில் அங்கங்கே கொத்துக் கொத்தாகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டால் மட்டும் நூலை வெட்டும் ஒரு கத்தரி ஈஸ்டிலேயே இருக்கிறது. அந்த எழுத்து வரிசையை வேண்டிய இடத்தில் எழுதி வைத்துவிட்டு, காலக்டோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்ததும் கத்தரி வேலை செய்யுமாறு ஏற்பாடு செய்துகொண்டால், முறிவை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் உண்டாக்கலாம்.

பாரிஸில் பாஸ்டர் கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2006-இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றில், குரோமோஸோமின் நுனிக்கு அருகே வெட்டு உண்டாக்கினார்கள். நுனி உறையில் பற்றியிருந்தவரை அந்த வெட்டு நன்றாகச் செப்பமாயிற்று. பற்றை அவிழ்த்துவிட்டபோது செப்பம் தடைப்பட்டது. வெட்டுப்பட்ட இடத்தின் எழுத்தில் ஒரு மாறுதலும் செய்யவில்லை. நுனி இருக்கும் இடத்தை மாற்றியதுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் பிராண்டைஸ் சர்வகலாசாலையில் ஜேம்ஸ் ஹேபரும் அவரைச் சேர்ந்தவர்களும் வேறொரு விதமாகச் செய்து பார்த்தனர். வெட்டை ஓரிடத்தில் வைத்து, ஒப்பு நோக்குவதற்கான பிரதியைப் பல குரோமோஸோம்களில் பல இடங்களில் மாற்றி மாற்றி வைத்தார்கள். உட்கருவில் அந்தப் பிரதி வெட்டுப்பட்ட இடத்தை எவ்வளவு அடிக்கடி சந்திக்கிறதோ, அவ்வளவுக்குச் செப்பமும் வெற்றி பெற்றது. 2016-இல் வெளிவந்த இந்த முடிவு, அண்மை என்பது வெறும் தற்செயலன்று என்பதை நிலைநாட்டியது.

நடக்கத் தொடங்கும் நுனி

அப்படியானால் தூரத்தில் பிரதி கிடைக்கப் பெற்ற நுனியின் கதி அதோகதிதானா? அப்படியுமில்லை. அறுந்த நுனி தன் தலையெழுத்தை நொந்துகொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை.

2012-இல் நியூயார்க்கில் ஜூடித் மினே-ஹட்டாப், ராட்னி ரோத்ஸ்டைன் இருவரும் ஈஸ்டில் இதை அளந்தார்கள். வெட்டுக்கு முன் ஒரு குறிப்பிட்ட இடம் உட்கருவின் கன அளவில் நூற்றுக்குச் சுமார் 3 பங்கில் மட்டுமே அசைந்து திரிந்தது. வெட்டுப்பட்டபின் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேலான இடத்தில் சுற்றி அலைந்தது. அதைவிட விநோதம் என்னவென்றால், வெட்டுப்படாத குரோமோஸோம்களும் தங்கள் வழக்கத்தைப்போல் நான்கு மடங்கு இடத்தில் அசையத் தொடங்கின. ஒரு வீட்டில் ஆபத்து என்றால் தெருவே வெளியில் வந்து நிற்பது போல!

அதே ஆராய்ச்சித் துறையில் ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த சூஸன் காஸர் அம்மையாரின் குழுவினர் 2008-இல் கண்டது மற்றொன்று. எவ்வளவு முயன்றும் செப்பமாகாத நுனிகள், உட்கருவின் உறையில் உள்ள வாயில்களுக்குக் கொண்டு சேர்க்கப்படுகின்றன. உள்ளூர் வைத்தியரால் ஆகாத நோயாளியைப் பட்டணத்துக்கு அனுப்புவதை ஒத்தது இது. வாயில்களில் வேறு வகையான புரதங்கள் காத்திருந்து, செப்பத்துக்குத் தடையாக நிற்பவற்றை விலக்க உதவுகின்றன.

பழ ஈயின் உட்கருவில் இதைவிட நுட்பமான ஏற்பாடு இருக்கிறது. ஈயின் நூலில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கு, ஒரே எழுத்து வரிசை ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வரும் பகுதி. இது உட்கருவில் ஒருபுறம் இறுகித் திரண்டு கிடக்கிறது. இங்கே முறிவு ஏற்பட்டால் ஒப்பு முறைக்குப் பெரிய அபாயம் உண்டு. எங்கு நோக்கினும் ஒத்த எழுத்துக்கள்! எந்தப் பிரதி சரியான பிரதி? தவறான பிரதியோடு ஒப்பு நோக்கினால் குரோமோஸோம்களே குழம்பிவிடும். ஐரீன் கியோலோ அம்மையாரும் கேரி கார்ப்பெனும் 2011-இல் அமெரிக்காவில் கண்டதாவது: இந்தத் திரளுக்குள் அறுந்த நுனி, சீவப்படும் வேலையை உள்ளேயே முடித்துக்கொண்டு, திரளைவிட்டு வெளியே வருகிறது. வெளியே வந்த பிறகே ராட் 51 புரதம் அதன்மேல் படிகிறது. பின்பு அந்நுனி உட்கருவின் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்து, கூட்டத்தின் இரைச்சல் இல்லாத இடத்தில் செப்பமடைகிறது.

அந்த நுனி தானாக மிதந்து போகிறதா, யாராவது அழைத்துப் போகிறார்களா? 2018-இல் கியோலோ அம்மையாரின் குழுவினர் அதற்கும் விடை கண்டனர். ஆக்டின் என்ற புரதம் உட்கருவுக்குள் தண்டவாளம் போல் நீண்டு அமைகிறது. மயோஸின் என்ற புரதம் அதன்மேல் நுனியை இழுத்துச் செல்கிறது. நம் கையின் தசை சுருங்கி நீள்வதற்குக் காரணமான புரதங்களும் இந்த இரண்டு வகையைச் சேர்ந்தவைதாம்.

மனித உயிரணுவின் நிதானம்

மனித உயிரணுவோ இந்த விஷயத்தில் நிதானப் போக்கு உடையது. பாலூட்டிகளின் உயிரணுவில் ஒரே ஒரு முறிவு உண்டாக்கிப் பார்த்தபோது, அறுந்த இரு நுனிகளும் அலையாமல், பிறந்த இடத்திலேயே ஒன்றையொன்று பிரியாமல் கிடந்ததை எவி ஸௌடோக்லூ அம்மையாரும் மற்றவர்களும் 2007-இல் கண்டனர். இரு நுனிகளையும் சேர்த்துப் பிடித்திருப்பது முன்பு சொன்ன கு புரதமே. இந்த நிலைத்தன்மை ஒரு பாதுகாப்பு. எழுத்து 300 கோடியாக விரிந்த நூலில் நுனிகள் ஈஸ்டைப்போல் அலையத் தொடங்கினால், அயல் நுனிகளோடு கலக்கும் அபாயம் எவ்வளவு அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நிலையாக இருப்பதிலும் ஒரு நஷ்டம் உண்டு. உட்கருவின் உறைக்கு உட்புறத்தில் லாமினா என்னும் வலைப்பின்னல் ஒன்று இருக்கிறது. அதை ஒட்டிக் கிடக்கும் பகுதிகளில் முறிவு நேர்ந்தால் என்ன ஆகிறது என்று ஸௌடோக்லூ அம்மையாரின் குழுவினர் பிரான்ஸில் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். உட்கருவின் நடுப்பகுதியிலும், உறையின் வாயில்களின் அருகிலும் ஒப்பு முறை தடையின்றி நடந்தது. லாமினாவின் அருகிலோ அது தடைப்பட்டு, பிழை நேரக்கூடிய ஒட்டு முறைகளே வேலை செய்தன. அந்த நுனிகள் நல்ல இடம் தேடி நகரவும் இல்லை. ஒரே உறையில், வாயிலுக்கும் சுவருக்கும் உள்ள சிறு தூரத்திலேயே நுனியின் கதி மாறிவிடுகிறது!

நுனிகள் தப்பாகச் சேரும் கணத்தையே அமெரிக்காவில் டாம் மிஸ்டெலியின் கூடத்தினர் உயிருள்ள அணுக்களில் படம் பிடித்து, 2013-இல் வெளியிட்டனர். மாறாட்டங்களில் பெரும்பாலானவை அருகருகே இருந்த முறிவுகளிலிருந்தே பிறந்தன. தொலைவிலிருந்து நகர்ந்து வந்து சேர்ந்தவையும் சில இருந்தன.

இதனால் நமக்கு ஆவதென்ன?

நுண்பெருக்கிக் கண்ணாடியில் மட்டுமே தெரியும் ஒரு நுனி எங்கே கிடந்தால் நமக்கென்ன என்று கேட்கத் தோன்றலாம். கத்தரி இப்போது வைத்தியரின் கைக்கே வந்துவிட்டது என்பதுதான் அதற்குப் பதில். பரம்பரையாக வரும் அரிவாள் அணுச் சோகைக்கு, ஜீனை வெட்டும் ஒரு சிகிச்சை 2023-இல் முதலில் பிரிட்டனிலும் பிறகு அமெரிக்காவிலும் அங்கீகாரம் பெற்றது. நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் மூல அணுக்களை வெளியே எடுத்து, குறிப்பிட்ட ஓரிடத்தில் வெட்டி, மறுபடியும் உடம்பில் செலுத்துகிறார்கள். வெட்டுவதோடு வைத்தியரின் வேலை முடிந்தது. ஒட்டுவது உயிரணுவின் வேலை. ஒட்டு முறையில் சில எழுத்துக்கள் விட்டுப்போகும் என்று சொன்னோம் அல்லவா? அந்தப் பிழையையே இங்கே மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். கருப் பருவத்தில் இருந்த நல்ல இரத்தச் சிவப்பை அடக்கி வைத்திருக்கும் பூட்டு அந்தப் பிழையால் கெட்டுப்போகிறது.

பிழையே மருந்தாகும் நோய்கள் சில. எழுத்தைத் திருத்தி எழுதினால்தான் தீரும் நோய்கள் பல. அவற்றுக்கு ஒப்பு முறை வேண்டும். அது எந்த இடத்தில் நடக்கும், எந்த இடத்தில் நடக்காது என்று முன்கூட்டித் தெரிந்தாலல்லவா வெட்டத் துணியலாம்? இந்த நோக்கத்தோடு ஆம்ஸ்டர்டாமில் பாஸ் வான் ஸ்டென்ஸல் குழுவினர், மனித உயிரணுக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே எழுத்து வரிசையைப் புகுத்தி, ஒரே கத்தரியால் வெட்டிப் பார்த்தார்கள். 2021-இல் வெளியான அந்த ஆராய்ச்சியில், ஒரே வெட்டு இடத்துக்கு இடம் வெவ்வேறு விகிதத்தில் வெவ்வேறு விதமாகச் செப்பமாவது தெரியவந்தது. தளர்ந்து கிடக்கும் பகுதிகளில் ஒருவகை ஒட்டு மேலோங்குகிறது. இறுகிக் கிடக்கும் சில பகுதிகளில், எழுத்துக்களை அதிகமாக விழுங்கும் வேறொரு வகை ஒட்டுக்குச் செல்வாக்கு அதிகம்.

பேலாரஸ் நாட்டில் ஒரு குழந்தை குடித்த ஒரு குவளைப் பாலுக்கும், இன்று ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் அணுவில் வைக்கப்படும் வெட்டுக்கும் உள்ள சம்பந்தம் இதுதான். அங்கே முறிவின் இடத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இங்கே வைத்தியரே தேர்ந்தெடுக்கிறார். ஆகவே அந்த இடத்தின் அண்டை அயல் யார், சுவரின் ஓரமா, வாயிலின் ஓரமா, ஒத்த பிரதி எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தறியும் பொறுப்பும் அவரைச் சேர்கிறது. மக்காச்சோளத்தின் அறுந்த நுனியை மக்ளின்டாக் அம்மையார் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நாளில், அது நோயாளியின் படுக்கை வரையில் வந்து சேரும் என்று யார்தாம் நினைத்திருக்க முடியும்?